வெள்ளத்தோடு போன ஆட்டுக்கு யார் சான்று கொடுப்பது?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வடகிழக்குப் பருவமழை நெருங்கும்போது உங்கள் பத்திரிகையில் ஒரு பெட்டிச் செய்தி வரும். மழை வெள்ளத்தில் பசு, எருமை இறந்தால் 37,500 ரூபாய், ஆடு இறந்தால் 4,000 ரூபாய், கோழிக்கு 100 ரூபாய், இறந்த உடனே கிராம நிர்வாக அலுவலருக்கும் கால்நடை மருத்துவருக்கும் தெரிவிக்க வேண்டும் என்று நாலு வரி இருக்கும். பால் சொசைட்டியில் கிடக்கும் பேப்பரில் அதைப் படித்துவிட்டுத்தான் இதை எழுத உட்கார்ந்தேன். அந்த நாலு வரியில் தப்பு ஒன்றும் இல்லை. ஆனால் கிடை ஆடு, அதாவது மந்தையாக ஓட்டிப்போய் ராத்திரியில் எருவுக்காக வயலில் அடைக்கிற ஆடு, வைத்திருக்கிறவர்களுக்கு அந்தப் பணம் எந்த இடத்தில் நின்றுபோகிறது என்பதை யாராவது ஒருவர் விவரமாகச் சொல்ல வேண்டும். கடிதம் கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்களுக்கு நாங்குநேரி வட்டத்தில், மூலைக்கரைப்பட்டிப் பக்கம் ஒரு சிற்றூர். நிலம் கிடையாது. செம்மறி ஆடுதான் பிழைப்பு, அதிலும் பெரும்பாலும் இந்தப் பக்கத்துச் செவ்வாடு. ஐந்து குடும்பத்து ஆடுகள் சேர்ந்து ஒரே கிடை. என் வீட்டுக்காரரும் கொழுந்தனாரும் ஒரு கூலியாளும் கிடையோடு போவார்கள். நான் ஊரில் இருந்து கணக்கு எழுதுவேன். எந்த வீட்டுக்கு எத்தனை ஆடு, எத்தனை குட்டி போட்டது, எது விற்றது, எது செத்தது, எந்த வயலில் எத்தனை ராத்திரி கிடை போட்டோம், கூலி எவ்வளவு வந்தது எல்லாம் நோட்டில் இருக்கும். யார் ஆடு எது என்பதற்குக் காதுதான் அடையாளம். எங்கள் ஆட்டுக்கு வலது காது நுனியில் ஒரு வெட்டு. என் சின்ன அத்தை, அவர் தனியாள், மாமா போய்விட்டார், அவருடைய ஆட்டுக்கு இடது காதின் கீழ்ப்பக்கம் ஒரு கீறல். இப்படி ஐந்து வீட்டுக்கும் ஐந்து அடையாளம். இருட்டில் தடவிப் பார்த்தே சொல்லிவிடுவார்கள்.

கிடை எங்கள் ஊரில் இருக்கிற நாள் குறைவு. பிசானம் என்கிற மழைக்கால நெல் அறுவடை முடிந்ததும் தாமிரபரணிப் பாசனத்து வயல்களுக்குப் போய்விடும். மறுபடி பிசான நடவு தொடங்கினால் வயல்காட்டில் எங்களுக்கு இடம் இல்லை. குளத்துப் பாசனத்திலும் நெல் நிற்கும், மானாவாரியில் உளுந்தும் சோளமும் நிற்கும். அப்புறம் போக்கிடம் சாத்தான்குளம் பக்கத்துச் செம்மண் தேரியும் பனங்காடும்தான். மேட்டு நிலம், மழை பெய்தால் தண்ணீர் தங்காது, குளம்பு அழுகாது. அதனால்தான் மழைக்காலத்தில் அங்கே போகிறோம். இது நாங்கள் புதிதாகக் கண்டுபிடித்த வழி இல்லை, மாமனார் காலத்துக்கும் முந்தியது. இதில் கவனிக்க வேண்டியது ஒன்றுதான். எங்கள் ரேஷன் கார்டு திருநெல்வேலி மாவட்டம். மழைக்காலத்தில் எங்கள் ஆடு நிற்பது தூத்துக்குடி மாவட்டம்.

2023 டிசம்பர் 17, மார்கழி முதல் நாள். அன்றைக்கும் மறுநாளும் பெய்த மழையைப் பற்றி உங்கள் வாசகர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. என்று பதிவானது, எங்கள் மூலைக்கரைப்பட்டியில் 60 செ.மீ.க்கு மேல். 1992 வெள்ளத்தைப் பார்த்த பெரியவர்களே இப்படி ஒரு மழையைக் கண்டதில்லை என்றார்கள். திருச்செந்தூர் ரயில் ஸ்ரீவைகுண்டத்தில் நின்றுபோனதை ஊர் உலகமெல்லாம் டி.வி.யில் பார்த்தது. கருமேனியாற்றுப் பக்கத்தில் குளங்கள் உடைந்ததும், அந்தத் தண்ணீர் மேட்டுக்காடு என்று நம்பி ஆடு அடைத்திருந்த இடத்துக்கே வந்ததும் அவ்வளவாகச் செய்தியில் வரவில்லை.

வெள்ளாடு தண்ணீரைக் கண்டால் மேட்டைத் தேடி ஓடும். செம்மறிக்கு அந்தப் புத்தி கிடையாது, ஒன்று போன வழியே மற்றதெல்லாம் போகும். ராத்திரியில் ஆட்டை அடைத்திருந்த வலையை அறுத்துவிட்டு எவ்வளவோ விரட்டியும் பாதிக்கு மேல் திருப்ப முடியவில்லை என்று என் வீட்டுக்காரர் சொன்னார். கிடையில் முந்நூறுக்கு மேல் இருந்தது. தண்ணீர் வடிந்த பிறகு எண்ணும்போது கிட்டத்தட்டப் பாதி இல்லை. எங்கள் பங்கில் 41. சின்ன அத்தைக்கு இருந்ததே 12, மிஞ்சியது இரண்டு.

இனிமேல்தான் நான் சொல்ல வந்த விஷயம்.

செத்த ஆட்டுக்குப் பணம் வேண்டும் என்றால் ஆட்டின் உடல் வேண்டும். கால்நடை மருத்துவர் பார்த்துச் சான்று எழுத வேண்டும், வி.ஏ.ஓ. அறிக்கை கொடுக்க வேண்டும், போட்டோ வேண்டும். மாடு செத்தால் பெரும்பாலும் தொழுவத்திலேயோ பக்கத்து வயலிலேயோ கிடக்கும். கிடை ஆடு அப்படி இல்லை. உடைமரத்திலும் பாலத்தடியிலும் மாட்டிக்கொண்டவை கொஞ்சம், மற்றதெல்லாம் எங்கே போனது என்றே தெரியாது. அகப்பட்டவையும் இரண்டாம் நாளே வீங்கி நாற ஆரம்பித்துவிட்டன. நோய் பரவிவிடும் என்று அந்த ஊர்க்காரர்கள் ஜே.சி.பி.யில் குழி தோண்டிச் சுண்ணாம்பு போட்டு மூடிவிட்டார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன், அதுதான் சரி. குடிக்கத் தண்ணீரே இல்லாத நேரத்தில் அதையாவது செய்தார்களே. ஆனால் அந்தக் குழியோடு எங்கள் சான்றும் போய்விட்டது. போட்டோ எடுக்கலாம் என்றால் கரண்டு இல்லை, போனில் சார்ஜ் இல்லை, டவர் இல்லை. ரோடு துண்டிக்கப்பட்டிருந்ததால் மருத்துவராலும் உடனே வர முடியவில்லை. வந்த அன்று கண்ணில் பட்டதற்கெல்லாம் எழுதிக் கொடுத்தார். எங்கள் 41 ஆட்டில் அப்படிச் சான்று கிடைத்தது ஏழுக்கு.

சரி, ஏழுக்காவது பணம் கிடைக்கும் என்று மனு கொடுக்கப் போனோம். ஆடு செத்த ஊரில் இருந்த அலுவலர், “எல்லை எங்க எல்லைதான். ஆளு எங்க ஆளு இல்லையே தாயி, உங்க ஊர்ல போய்க் கேளுங்க” என்றார். எங்கள் ஊருக்கு வந்தால், “ஆளு நம்ம ஆளுதான், ஆடு வேற மாவட்டத்துலல்லா செத்திருக்கு, நான் எப்படி எழுத முடியும்?” என்றார் இன்னொருவர். ஒருவர் சிட்டா கேட்டார். நிலமே இல்லாதவள் சிட்டாவுக்கு எங்கே போவேன்? இரண்டு பேரும் கெட்டவர்கள் இல்லை. பார்க்காத இடத்தைப் பார்த்ததாகக் கையெழுத்துப் போட அவர்களும் பயந்தார்கள். கடைசியில் ஏழு ஆட்டுக்கும் பணம் வந்தது, இல்லை என்று சொல்லவில்லை. வருவதற்குள் ஒரு சித்திரை போய்விட்டது.

இதில் எனக்கு ஆறாத ஒன்று சின்ன அத்தையின் விஷயம். கிடை என் வீட்டுக்காரர் பெயரில் பேசப்படுவதால் மொத்த ஆடும் அவருடையது என்று ஒரு தாளில் எழுதிவிட்டார்கள். விதிப்படி ஒரு குடும்பத்துக்கு 30 ஆட்டுக்கு மேல் நிவாரணம் கிடையாது. எத்தனை செத்திருந்தாலும் 30தான். அப்படியானால் ஐந்து குடும்பமும் ஒரு குடும்பம் ஆகிவிட்டது. அத்தைக்குத் தனி ரேஷன் கார்டு இருக்கிறது, தனி அடுப்பு, தனி வங்கிக் கணக்கு. ஆடு அவருடையது என்பதற்கு மட்டும் காதில் உள்ள கீறலைத் தவிர எதுவும் இல்லை. அந்தக் காது மணப்பாட்டுக் கடல் பக்கம் போய்விட்டது. என் நோட்டைக் கொண்டுபோய்க் காட்டினேன். “நீங்களே எழுதின நோட்டு எப்படிம்மா சாட்சியாகும்?” என்று கேட்டார் அந்த அலுவலர்.

நியாயமான கேள்வி. கோபம் வந்தாலும் அவர் கேட்டதில் தப்பில்லை என்றுதான் எனக்கு இப்போதும் தோன்றுகிறது. ஏனென்றால் அந்த மழைக்குப் பிறகு ஆடே வளர்க்காத ஆட்களும் ஆடு போய்விட்டது என்று மனு எழுதியதை நானே பார்த்திருக்கிறேன். ஊர்ப் பெயரைச் சொல்ல வேண்டாம். அரசாங்கப் பணத்துக்குக் கணக்கு வேண்டும். ஆனால் என் நோட்டு சாட்சி ஆகாது என்றால், சாட்சி ஆகிற நோட்டு ஒன்று மழைக்கு முன்னாலேயே இருக்க வேண்டும் அல்லவா? அதை எழுத வேண்டியது யார்?

இதையே வேறு விதமாகச் சொல்கிறேன். அந்த வெள்ளத்துக்கு அரசு அறிவித்த வீட்டு நிவாரணம் அதிகம் பாதித்த வட்டங்களில் 6,000 ரூபாய், மற்ற இடங்களில் 1,000 ரூபாய். அது எவ்வளவு சீக்கிரம் கைக்கு வந்தது! வீடு நனைந்ததா, அடுப்பு எரிந்ததா என்று ஒருவரும் வந்து பார்க்கவில்லை. ரேஷன் கார்டு இருந்தது, டோக்கன் கொடுத்தார்கள், கடையில் பணம் கொடுத்தார்கள். குடும்பம் என்று ஒன்று இருக்கிறது என்பதற்கு மழைக்கு முன்பே அரசிடம் பதிவு இருந்தது. அவ்வளவுதான் வித்தியாசம். ஆட்டுக்கு அந்தப் பதிவு இல்லை.

பதிவு செய்ய முடியாத காரியமா? இல்லை. வருஷா வருஷம் ஆட்டுக்கொல்லி நோய்க்குத் தடுப்பூசி முகாம் நடக்கிறது. குடற்புழு மருந்து கொடுக்கிறார்கள். கால்நடை மருந்தகத்திலிருந்து வருகிறவர்கள் பெயர், ஊர், எத்தனை ஆடு என்று பதிவேட்டில் எழுதுகிறார்கள். 2011இல் விலையில்லா ஆடு கொடுத்தபோது அரசே ஆட்டின் காதில் அடையாள வில்லை போட்டுத்தான் கொடுத்தது, எங்கள் தெருவிலேயே வாங்கியவர்கள் உண்டு. கொடுக்கும்போது எண்ணத் தெரிகிறது என்றால் போகும்போதும் எண்ணத் தெரிய வேண்டும். 2024 அக்டோபரில் தொடங்கிய 21ஆவது கால்நடைக் கணக்கெடுப்பில், ஊர் ஊராகப் போய் மேய்க்கிறவர்களின் கால்நடைகளையும் முதல் தடவையாகத் தனியாகக் கணக்கெடுத்தார்கள். அதை அறிந்தபோது சந்தோஷமாக இருந்தது. ஆனால் அந்தக் கணக்கு திட்டம் போடுவதற்கு. என் அத்தையின் பெயரும் பன்னிரண்டு ஆடும் இருக்கிற தாளாக அது அவர் கைக்கு வராது.

ஆகவே நான் கேட்பது இதுதான். ஆவணி, புரட்டாசியில், மழை தொடங்கும் முன், தடுப்பூசி போட வருகிறபோது கிடை எங்கே இருக்கிறதோ அங்கே வைத்து, குடும்ப வாரியாக ஆட்டை எண்ணி, காதடையாளத்தையும் குறித்து, மருத்துவர் கையெழுத்தும் முத்திரையும் போட்டு ஒரு அட்டை கொடுத்துவிடட்டும். ரேஷன் கார்டு எண்ணை அதில் எழுதிக்கொள்ளட்டும். வெள்ளம் வந்து போன பிறகு மிச்சத்தை எண்ணட்டும். அட்டையில் இருப்பதற்கும் மிச்சத்துக்கும் உள்ள வித்தியாசம்தான் இழப்பு. நடுவில் விற்றதைக் கழிக்க வேண்டுமா, கழிக்கட்டும். சந்தையில் விற்றால் ரசீது உண்டு, கசாப்புக் கடைக்காரருக்கு விற்றால் அவரையே கேட்கட்டும். பொய் மனு போடுகிறவர்களும் இதில் தானாக வடிகட்டப்படுவார்கள், ஏனென்றால் இல்லாத ஆட்டுக்கு யாரும் ஊசி போட்டிருக்க மாட்டார்கள்.

என் அண்ணன் மகன் இராமையன்பட்டி கால்நடை மருத்துவக் கல்லூரியில் படிக்கிறான். இந்த நிவாரண விதிகளை எல்லாம் இறக்கிப் படித்துச் சொன்னவன் அவன்தான். அமெரிக்காவில் பேரிடரில் கால்நடை இறந்தால் சராசரிச் சந்தை விலையில் 75 சதவீதம் கொடுக்கிற ஒரு திட்டம் இருக்கிறதாம். அங்கே உடலைக் காட்ட முடியாவிட்டால், சம்பந்தம் இல்லாத மூன்றாம் ஆள் ஒருவர் இன்னாருக்கு இத்தனை இருந்தது, இத்தனை போனது என்று எழுதிக் கொடுப்பதை ஏற்றுக்கொள்ள வழி வைத்திருக்கிறார்கள். முன்பு எத்தனை இருந்தது என்பதற்கு மருத்துவப் பதிவு, கடன் பதிவு போன்றவற்றைப் பார்க்கிறார்கள். அந்த ஊர்ப் பணம் நமக்குக் கட்டுப்படியாகாது, அதை நான் கேட்கவும் இல்லை. உடல் இல்லாமலும் இழப்பைக் கணக்கிட முடியும் என்பதை மட்டும் எடுத்துக்கொள்ளலாம். எங்களுக்கு மூன்றாம் ஆளா கிடைக்காது? எந்தத் தோட்டத்தில் கிடை போட்டோமோ அந்தத் தோட்டக்காரர் ராத்திரிக்கு இவ்வளவு என்று கூலி கொடுத்தவர். எத்தனை ஆடு வந்தது என்று அவருக்குத் தெரியாமல் இருக்காது.

எல்லைப் பிரச்சினைக்கு இதைவிட எளிதான வழி இருக்கிறது. செத்த இடத்து அலுவலர் சம்பவத்தை எழுதட்டும், சொந்த ஊர் அலுவலர் குடும்பத்தை எழுதட்டும், இரண்டு தாளையும் ஒரே கோப்பில் வைக்கட்டும். இதற்குப் புதுச் சட்டம் வேண்டாம், ஒரு சுற்றறிக்கை போதும். இரண்டு மாவட்ட ஆட்சியர்களும் பேசினாலே முடிகிற காரியம்.

தொகையைப் பற்றியும் இரண்டு வார்த்தை. மத்திய அரசின் 2015 நிவாரண விதியில் ஆட்டுக்கு 3,000 ரூபாயாக இருந்ததை 2022இல் 4,000 ஆக்கினார்கள். பசுவுக்கு 30,000 இருந்தது 37,500 ஆனது. சதவீதம் பார்த்தால் ஆட்டுக்குத்தான் அதிகம் கூட்டியிருக்கிறார்கள், அதையும் சொல்ல வேண்டும். ஆனால் செவ்வாய்க்கிழமை மேலப்பாளையம் சந்தைக்குப் போய்ப் பாருங்கள். குட்டி போடுகிற வயதில் ஒரு நல்ல பெட்டை ஆடு 10,000 ரூபாய்க்குக் குறைந்து கிடைத்தால் எனக்கும் சொல்லுங்கள். இரண்டரை ஆட்டு நிவாரணத்தைச் சேர்த்தால் ஒரு ஆடு வாங்கலாம்.

30 ஆடு என்ற உச்சவரம்பைப் போட்டவர்கள் மூன்று மாட்டுக்குச் சமமாகக் கணக்குப் பார்த்திருக்கிறார்கள் என்று நினைக்கிறேன். மூன்று பசுவுக்கு 1,12,500, முப்பது ஆட்டுக்கு 1,20,000. தாளில் சரியாக இருக்கிறது. வீட்டில் மூன்று மாடு கட்டியிருக்கிறவருக்கு அந்த வரம்பு இடிக்காது. கிடைக்காரருக்கு முப்பது ஆடு என்பது பிழைப்பில் ஒரு துண்டு. தவிர, கிடைக்காரருக்கு ஆடு ஒவ்வொன்றாகச் சாவதில்லை, போனால் ஒரே ராத்திரியில் போகும். வரம்பே வேண்டாம் என்று சொல்லவில்லை. மேய்த்துப் பிழைப்பதைத் தவிர வேறு வருமானம் இல்லாத குடும்பத்துக்காவது அதை உயர்த்தலாம். இந்தப் பணம் வருகிற மாநிலப் பேரிடர் நிதியில் மத்திய அரசின் பங்கு முக்கால், மாநிலத்தின் பங்கு கால். விதியை எழுதுவது டெல்லி. ஆனாலும் மாநில அரசு விரும்பினால் அதற்கு மேலும் கொடுக்க முடியும். மனித உயிரிழப்புக்கு விதியில் இருப்பது 4 லட்சம், அந்த டிசம்பரில் நம் மாநில அரசு 5 லட்சமாகக் கொடுத்தது. இந்த அளவுகள் 2022-23 முதல் 2025-26 வரைக்கும் என்று போடப்பட்டவை. அடுத்ததை எழுதுகிறவர்கள் காதில் இது விழ வேண்டும் என்பதற்காகவும்தான் உங்களுக்கு எழுதுகிறேன்.

குட்டிகளைப் பற்றி அந்த விதியில் ஒரு வரி கூட இல்லை. மாட்டுக் கன்றுக்கு 20,000 ரூபாய் என்று தனியாக இருக்கிறது. ஆட்டுக் குட்டிக்கு ஒன்றும் இல்லை. ‘பொருளாதாரப் பயன் உள்ள’ கால்நடைக்குத்தான் உதவி என்று ஒரு நிபந்தனை இருக்கிறது, அதை வைத்துக் குட்டியைத் தள்ளிவிடுகிறார்கள். ஐப்பசி, கார்த்திகையில் பிறந்த குட்டி மார்கழியில் ஓலைக்கூட்டுக்குள் கிடக்கும். குளிர்ந்த தண்ணீர் ஒரு சாண் ஏறினாலே அவைதான் முதலில் சாகும். அந்த ராத்திரி ஒரு கூட்டில் இருந்த அத்தனையும் போயிற்று. ஒரு வருஷம் போனால் அதே குட்டிதான் பெட்டை, அதே குட்டிதான் தீபாவளிக் கிடா. பயன் இல்லாததை யாராவது கூடு பின்னிப் பாதுகாப்பார்களா?

இதைவிடப் பெரிய இழப்பு வெள்ளம் வடிந்த பிறகு வந்தது, அதை எந்தக் கணக்கிலும் சேர்க்கவில்லை. விடிய விடிய நனைந்த ஆட்டுக்கு நெஞ்சுச்சளி வந்தது. சினை ஆடுகள் குட்டியை வீசின. ஈரத்தில் நின்று குளம்பு அழுகியது. மழைக்குப் பின்னால் முளைத்த இளம்புல்லை ஆவலாக மேய்ந்த ஆடு துள்ளுமாரி நோயில் திடீரென்று விழுந்து செத்தது, சாயங்காலம் நன்றாக மேய்ந்தது காலையில் விறைத்துக் கிடந்தது. அப்புறம் நீலநாக்கு. அது கொசுவைவிடச் சின்ன ஒரு பூச்சி கடித்துப் பரவுகிற நோய், மழை ஓய்ந்த பருவத்தில் அந்தப் பூச்சி பெருகும். வெள்ளாட்டுக்கு அவ்வளவாகத் தெரியாது, செம்மறியைத்தான் போட்டுத் தள்ளும். உதடும் முகமும் வீங்கி, மூக்கில் சளி கட்டி, வாய்ப்புண்ணால் தின்ன முடியாமல், நொண்டிக்கொண்டு நிற்கும். நல்ல தீனியும் கஞ்சியும் கொடுத்துத் தேற்றலாம், ஆனால் அந்த நேரத்தில் எங்களுக்கே கஞ்சி ரேஷன் அரிசியில்தான் நடந்தது. தை பிறப்பதற்குள் வெள்ளத்தில் போனதில் பாதி அளவுக்கு இப்படியும் போயிற்று. 1962 என்ற எண்ணில் கூப்பிட்டதும் கால்நடை ஆம்புலன்ஸ் வந்தது, ஊசி போட்டார்கள், அதை மறக்க மாட்டேன். ஆனால் செத்ததற்குச் சான்று கேட்டால் ‘நோயினால் இறப்பு’ என்று எழுதினார்கள். நோயினால் செத்தால் பேரிடர் இல்லை, பேரிடர் இல்லை என்றால் நிவாரணம் இல்லை. வெள்ளம் வராமல் இருந்திருந்தால் அந்த ஆடு ஏன் நோயில் விழப்போகிறது என்று கேட்டால் அதற்கு அந்தப் படிவத்தில் கட்டம் இல்லை. பேரிடர் என்று அறிவித்த வட்டங்களில் தண்ணீர் வடிந்து ஒரு மாதத்துக்குள் இந்த நோய்களால் இறந்த ஆட்டையும் வெள்ளச் சாவாக எழுதலாம் என்று ஒரு உத்தரவு வந்தால் போதும். அதோடு நீலநாக்குக்கும் துள்ளுமாரிக்கும் தடுப்பூசி இருக்கிறது, மழைக்கு முன்னால் போட்டால்தான் பிரயோஜனம். நான் கேட்கிற அட்டையும் அந்த ஊசியும் ஒரே நாளில் முடிகிற வேலை.

காப்பீடு இருக்கிறதே என்று சிலர் கேட்கலாம். இருக்கிறது. 2024 பிப்ரவரியில் மத்திய அரசு விதியைத் தளர்த்தி, பிரீமியத்தில் வளர்ப்பவர் 15 சதவீதம் கட்டினால் போதும், மிச்சத்தை மத்திய, மாநில அரசுகள் கட்டும் என்று மாற்றியது. ஒருவர் காப்பீடு செய்யக்கூடிய ஆடுகளின் எண்ணிக்கையையும் கூட்டினார்கள். நல்ல மாற்றம், எங்கள் பக்கம் நாலு பேருக்குத் தெரிந்தால் இன்னும் நல்லது. ஆனால் அங்கேயும் காது வில்லைதான் எல்லாம். வில்லை இல்லாவிட்டால் பணம் இல்லை, செத்த ஆட்டின் வில்லையைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். ஒரு நாளைக்குப் பத்து உடைமரத்துக்குள் தலையை விட்டு நெற்றுப் பொறுக்குகிற ஆட்டின் காதில் அந்த வில்லை எத்தனை மாதம் நிற்கும் என்று வந்து பார்த்தால் தெரியும். நின்றாலும், ஆடே கடலுக்குப் போன பிறகு வில்லையை எங்கே தேடுவது? பசுவுக்கு எழுதிய விதியை அப்படியே ஆட்டுக்கும் மாட்டிவிட்டார்கள் என்றுதான் எனக்குப் படுகிறது. மந்தைக்கு மொத்தமாக, அட்டையில் உள்ள எண்ணிக்கையின் பேரில் காப்பீடு செய்கிற வழியைக் காப்பீட்டு நிறுவனங்கள் யோசிக்கலாம்.

கோழியைப் பற்றிப் பேசவே இல்லை. ஒன்றுக்கு 100 ரூபாய், குடும்பத்துக்கு 10,000 ரூபாய் வரை. எங்கள் தெருவில் கோழி பறிகொடுக்காத வீடு இல்லை, மனுக் கொடுத்த பொம்பளை ஒருத்தியும் இல்லை. ஒரு கோழிக்காக ஆட்டோவில் போய்வரும் செலவு அந்த 100 ரூபாயைத் தின்றுவிடும்.

2024 டிசம்பரிலும் தாமிரபரணி ஆற்றில் வெள்ளம் வந்தது. அந்தத் தடவை எங்கள் கிடை முன்கூட்டியே வேறு மேட்டுக்குப் போயிருந்ததால் தப்பியது. எப்போதும் தப்பும் என்று சொல்ல முடியாது. என் சின்ன அத்தை மிஞ்சிய இரண்டு ஆட்டை வைத்து மறுபடி தொடங்கி இப்போது ஆறு ஆக்கியிருக்கிறார். காதில் அதே கீறல்தான், அட்டை கிடையாது.

மாவட்ட நிர்வாகமும் கால்நடைப் பராமரிப்புத் துறையும் மாநிலம் முழுக்க இதைச் செய்ய நாளாகும் என்றால், முதலில் நாங்குநேரி, இராதாபுரம், சாத்தான்குளம் வட்டங்களில் மட்டும் செய்து பார்க்கட்டும். கிடைக்காரர்களைத் தேடிப்பிடிப்பது கஷ்டம் என்று சொல்வார்கள். கஷ்டம் இல்லை. ஆவணியில் எங்கள் ஆடு ஊரைச் சுற்றித்தான் மேயும், அதன் பிறகுதான் தேரிக்குப் போகும். அதற்குள் ஒரு நாள் சொல்லி அனுப்பினால் ஐந்து வீட்டாரும் ரேஷன் கார்டோடு வந்து நிற்கிறோம். காலை மேய்ச்சலுக்கு அவிழ்ப்பதற்கு முன், ஏழு மணிக்குள் வந்தால் எண்ணுவதற்குச் சுலபம். என் நோட்டையும் கொண்டுவருகிறேன், இரண்டையும் ஒப்பிட்டுப் பார்த்துக்கொள்ளட்டும்.

இப்படிக்கு,
ஆடு வளர்க்கும் ஒரு வாசகி,
நாங்குநேரி வட்டம், திருநெல்வேலி மாவட்டம்.